கார்டியாக் பெட்டில் ரத்த ஓட்ட எண் இடிக்கிறதா? அறிகுறி பார்த்து இதய அசைவைப் பிடிக்கும் வழி

இதயத் தசையின் ரத்த ஓட்டத்தை பெட் ஸ்கேனில் அளக்கும் லேபில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: "ஸ்ட்ரெஸ்ஸில் 5.8 காட்டுது, ரிப்போர்ட்டில் போடலாமா?" (ஸ்ட்ரெஸ் என்றால் மருந்து கொடுத்து இதயத்தின் ரத்த ஓட்டத்தைக் கூட்டிய நிலை.) போடக்கூடாது, இப்போதைக்கு. மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். ஸ்கேன் நடுவில் நோயாளி தோளை அசைத்தாரா, மூச்சு வாங்கி இதயம் கீழே இறங்கியதா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. ஸ்கேனைச் சில விநாடித் துண்டுகளாகப் பிரித்த படங்களான ஃப்ரேம்களிலும், நேரத்தோடு டிரேசர் அளவு ஏறி இறங்குவதைக் காட்டும் வளைவுகளிலும்தான் தெரியும்.

கீழே உள்ளது ரூபிடியம்-82 என்ற கதிரியக்க டிரேசர் வைத்து, ரத்தக் குழாயை விரிக்கும் ரெகடெனோசன் அல்லது அடினோசின் கொடுத்து, ஆறேழு நிமிட டைனமிக் ஸ்கேன் எடுக்கும் லேபை மனதில் வைத்து எழுதியது. அம்மோனியா (நைட்ரஜன்-13) பயன்படுத்துகிறவர்களுக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

எண்களுக்கு ஒரு தோராய வரம்பு: ஓய்வில் ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 0.6 முதல் 1.0 மி.லி வரை, ஸ்ட்ரெஸ்ஸில் 2-க்கு மேல், இரண்டின் விகிதமான ரிசர்வ் 2-க்கு மேல். ஸ்ட்ரெஸ் 4-ஐத் தாண்டினால் ஃப்ரேம்களை இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். 5-ஐத் தாண்டினால், அசைவு இல்லை என்று உறுதியாகும்வரை நம்புவதில்லை.

## எதைத் தொடும் முன்பும்

நோயாளி மேசையை விட்டு இறங்குவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது. ரூபிடியத்தின் அரை ஆயுள் 76 விநாடிதான். ஓய்வு ஸ்கேன் கெட்டிருந்தால் பத்து நிமிட இடைவெளியில் ரூபிடியம் ஜெனரேட்டரிலிருந்து இன்னொரு டோஸ் எடுத்துவிடலாம். வீட்டுக்குப் போனபிறகு கண்டுபிடித்தால் அந்த வசதி கிடையாது.

மூல லிஸ்ட்-மோட் டேட்டா (ஒவ்வொரு சிக்னலும் வந்த நேரத்தோடு பதிவான கோப்பு) சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில லேபில் இடம் போதவில்லை என்று இரவில் தானாக அழியும்படி வைத்திருப்பார்கள். சந்தேகக் கேஸுக்கு அதைத் தடுத்து வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம் சரிசெய்யலாம், இது போனால் போனதுதான்.

அடுத்து நான்கு ஜன்னல்கள் திறக்க வேண்டும், இதே வரிசையில்.

1. பெட் படத்தின் மேல் சிடி. ஓய்வுக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் தனித்தனியாக.
2. எல்லா ஃப்ரேம்களையும் சினிமா போல ஓடவிட்டு, மேலே இடது கீழறையின் கான்டூர் (சுவரின் எல்லைக்கோடு). மூன்று அச்சிலும்.
3. முதல் இரண்டு நிமிட ஃப்ரேம்களைக் கூட்டிய ஒரே படம், அதே கான்டூரோடு.
4. ரத்த வளைவும், மூன்று ரத்தக் குழாய்ப் பகுதிகளின் தசை வளைவுகளும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். கான்டூர் வரையப்படுவது கடைசி நிமிடங்களின் படத்திலிருந்து, அதாவது தசை நன்றாகத் தெரியும் கட்டத்திலிருந்து. ரத்த ஓட்டத்தைத் தீர்மானிப்பதோ முதல் இரண்டு நிமிடம். அப்போது தசையே தெரியாது, உள்ளறை ரத்தம் மட்டும் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளிச்சென்ற திட்டு கான்டூர் வளையத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்தால் நல்லது. வளையத்தின் மேல் ஏறியிருந்தால் எண்ணைப் பார்க்கவே தேவையில்லை.

எண் காட்டும் பேனலை இந்த நேரத்தில் மூடி வையுங்கள். அதைத் திறந்துவைத்துக்கொண்டு ஃப்ரேமை நகர்த்தினால், 'நார்மல்' வரும்வரை கை நகர்த்திக்கொண்டே இருக்கும். யாருக்கும் வரும் பழக்கம் இது.

## அறிகுறி: ஸ்ட்ரெஸ்ஸில் ஒரு சுவர் மட்டும் எகிறியிருக்கிறது

பக்கச்சுவர் 5.9, இடைச்சுவர் 1.6 என்று வரும். ரிசர்வ் 6-ஐத் தாண்டும். நிலையான பெர்ஃபியூஷன் படமோ (தசையில் ரத்தம் பரவியதைக் காட்டுவது) எல்லாச் சுவரிலும் ஒரே சீராக இருக்கும். மிக அதிகமாகப் பார்க்கும் கோளாறு இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அடித்தளக் கோடு எங்கே இருக்கிறது? செலவே இல்லாத காரணம் முதலில். எகிறிய பகுதி இதயத்தின் அடிப்பக்க வளையத்தில் மட்டும் இருந்தால், மைட்ரல் வால்வுத் தளம் என்று குறித்த கோடு இடது மேலறைக்குள் போயிருக்கலாம். அங்கே தசை இல்லை, ரத்தம்தான். கோட்டை இதய நுனிப் பக்கமாக இறக்கி, அச்சைச் சரிசெய்து, மறுபடி கணக்கிடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே போகும் நாட்களும் உண்டு.

கோடு சரி. தசை வளைவின் ஆரம்பம் எப்படி இருக்கிறது? எல்லாத் தசை வளைவுக்கும் தொடக்கத்தில் சின்ன மேடு இருக்கும். பக்கத்து ரத்தம் கசிந்து தெரிவது அது. அந்த மேடு உயரமான கூர்முனையாகி, ரத்த வளைவின் உச்சம் வரும் அதே நேரத்தில் வந்தால், ஆரம்ப ஃப்ரேம்களில் இடது உள்ளறை அந்தச் சுவரின் மேல் ஏறி நிற்கிறது. இடைச்சுவரில் கூர்முனை ரத்த வளைவின் உச்சத்துக்குச் சில விநாடி முன்னாலேயே வந்தால், ஏறி நிற்பது வலது கீழறை. ரத்தம் அங்கேதான் முதலில் வருகிறது. எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது இந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

திசையும் உதவும். உடம்பு பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் இடைச்சுவரும் பக்கச்சுவரும் எதிரெதிராகக் கெடும்: ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும். தலை–கால் திசையில் நகர்ந்திருந்தால் கீழ்ச்சுவரும் முன்சுவரும்.

எவ்வளவு நகர்ந்தது? சுவரின் தடிமன் ஏறத்தாழ 1 செ.மீ. அசைவு 5 மி.மீ-க்குள் என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் திருத்தாமல் எண்ணை வெளியே விடக்கூடாது. ஒரே ஒரு ஆரம்ப ஃப்ரேம் 1 செ.மீ நகர்ந்தாலும், அது ரத்த உச்சத்தில் இருக்கும் ஃப்ரேம் என்றால் ஒரு சுவரின் எண் இரு மடங்காவதெல்லாம் சாதாரணம். கடைசி நிமிடத்தில் அதே 1 செ.மீ அவ்வளவு கெடுக்காது.

திருத்தும் முறை. தானியங்கித் திருத்தத்தை முதலில் ஓட்டுங்கள். பல மென்பொருள்களில் அது தசைக் கட்டத்தில் நன்றாகவும் ரத்தக் கட்டத்தில் சுமாராகவும் வேலை செய்யும், அதனால் ஆரம்ப ஃப்ரேம்களைக் கையால்தான் பார்க்க வேண்டும். இடது உள்ளறை மிகப் பளிச்சென்று இருக்கும் ஃப்ரேமை எடுத்து, அந்தத் திட்டின் நடு வளையத்தின் நடுவோடு சேரும்படி நகர்த்துங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். வலது கீழறை மட்டும் தெரியும் ஃப்ரேம்களில், அது இடைச்சுவருக்கு வெளியே ஒட்டியபடி இருக்க வேண்டும். பிறகு முன்னோக்கிப் போய், தசை தெரிய ஆரம்பிக்கும் இடைப்பட்ட ஃப்ரேம்கள். இவைதான் கஷ்டமானவை, உள்ளறையும் தசையும் ஒரே அளவு மங்கலாக இருக்கும். அங்கே முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களின் நகர்வுக்கு நடுவே ஒரு மதிப்பு வையுங்கள், அதற்கு மேல் கற்பனை வேண்டாம்.

திருத்தம் பலித்ததா என்பதற்கு எண் அழகாக வந்தது சாட்சி ஆகாது. மாடல் கோடு (ஓட்டத்தைக் கணக்கிடும் சமன்பாடு வரையும் வளைவு) அளந்த புள்ளிகளோடு முன்பைவிட ஒட்டிப் போகிறதா, அந்தச் சுவரின் ரத்தக் கசிவு விகிதம் பக்கத்துச் சுவர்களோடு ஒத்து வந்ததா — இந்த இரண்டும்தான் சாட்சி.

நகர்த்தியும் கூர்முனை போகவில்லை. ஒரே ஃப்ரேமுக்குள்ளேயே அசைவு நடந்திருக்கிறது. 10 விநாடி ஃப்ரேமின் முதல் பாதியில் ஓரிடம், மறுபாதியில் வேறிடம். அந்த ஃப்ரேமை எங்கே நகர்த்தினாலும் பாதி தப்பு. லிஸ்ட்-மோட் இருந்தால் அந்த இடத்தை 5 விநாடி ஃப்ரேம்களாகப் பிரித்து மறுபடி ரீகன்ஸ்ட்ரக்ட் செய்யலாம், அதாவது படத்தைப் புதிதாகக் கட்டலாம். புதிய ஸ்கேனர்களில் டேட்டாவிலிருந்தே அசைவைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதியும் இருக்கிறது. இங்கிருந்து மெடிக்கல் பிசிசிஸ்ட்டைக் கூப்பிடுங்கள்.

அதுவும் முடியவில்லை. அந்த ஸ்கேனின் ஓட்ட எண்ணை விட்டுவிடுவதா, ஸ்ட்ரெஸ்ஸைத் திரும்ப எடுப்பதா? திரும்ப எடுப்பது என்றால் மருந்தைத் திரும்பக் கொடுப்பது. ரூபிடியம் பத்து நிமிடத்தில் தயார்தான், ஆனால் ரெகடெனோசனின் உச்சம் அதற்குள் முடிந்துவிடும். இது டாக்டரின் முடிவு, டெக்னாலஜிஸ்டின் முடிவு அல்ல. அம்மோனியாவில் இன்னும் சிரமம்: அரை ஆயுள் 10 நிமிடம், முந்தைய டோஸ் அடங்கவே ஏறக்குறைய 50 நிமிடம் காத்திருக்க வேண்டும், டிரேசர் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கமும் கேட்க வேண்டும்.

## அறிகுறி: ஸ்ட்ரெஸ்ஸில் இதயம் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது

சினிமாவில் பார்த்தால் திடீர்க் குதிப்பு இல்லை. ஆரம்ப ஃப்ரேம்களில் இதயம் கீழே, கடைசியில் மேலே. ஓய்வு ஸ்கேனில் இது இருக்காது. கீழ்ச்சுவரின் எண் பக்கத்துச் சுவர்களோடு ஒட்டாமல் தனியே நிற்கும்.

காரணம் மருந்துதான். ரெகடெனோசனும் அடினோசினும் மூச்சு வாங்க வைக்கும். நோயாளி ஆழமாக இழுப்பார், நுரையீரல் விரியும், உதரவிதானம் இறங்கும், இதயமும் கூடவே இறங்கும். மருந்தின் வேகம் குறையக் குறைய எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். நோயாளி ஒரு விரலைக்கூட அசைக்காமலே இது நடக்கும், அதனால் "அசையாதீங்க" என்று அதட்டுவதில் பயனில்லை.

ஸ்கேன் எடுப்பதற்கு முன் செய்யக்கூடியது: மருந்து ஏறியதும் என்ன உணர்வு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சு கனக்கும், மூச்சு வாங்கும், ஓரிரு நிமிடத்தில் குறையும், வாயைத் திறந்து பெரிதாக இழுக்காமல் சாதாரணமாக விடப் பாருங்கள். இதைச் சொன்ன நோயாளிக்கும் சொல்லாத நோயாளிக்கும் ஃப்ரேம்களில் வித்தியாசம் தெரியும். கைகளைத் தலைக்கு மேலே வசதியாக, தாங்கலோடு வையுங்கள். தோள் வலி உள்ளவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே கை நழுவும். ரத்த அழுத்தப் பட்டை எந்தக் கையில், எப்போது காற்றடிக்கும் என்பதையும் பாருங்கள். டிரேசர் உள்ளே போகும் நேரத்தில் அது காற்றடித்தால் கை தானாக இழுத்துக்கொள்ளும்.

எடுத்தாகிவிட்டது என்றால்: மெல்லிய நகர்வு, தானியங்கித் திருத்தம் பொதுவாக நன்றாகவே பிடிக்கும். பிடித்தபிறகு நகர்வு வரைபடத்தைப் பாருங்கள். ஒரே திசையில் சீராக ஏறும் கோடாக இருக்க வேண்டும். ஆரம்ப ஃப்ரேம்களுக்குப் பூஜ்யம் என்று காட்டி, மூன்றாவது நிமிடத்திலிருந்து மட்டும் ஏறினால், அது ரத்தக் கட்டத்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம். முந்தைய பிரிவில் சொன்ன கை வேலை இங்கேயும் உண்டு.

ஸ்ட்ரெஸ் மருந்தின் விளைவை முறிக்கும் அமினோஃபிலின் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி போட நர்ஸ் கையைத் தொட்டால் அசைவு வரும், உண்மைதான். ஆனால் நோயாளிக்குத் தேவை என்று டாக்டர் சொன்னால் உடனே கொடுக்க வேண்டும். ஃப்ரேம் கெட்டால் கெடட்டும்.

இவ்வளவும் செய்தபிறகும் கீழ்ச்சுவர் தனியே நின்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். இதயம் நகரும்போது சிடி நகர்வதில்லை.

## அறிகுறி: முன்சுவரிலோ பக்கச்சுவரிலோ படத்திலேயே குறை தெரிகிறது

இங்கே எண் மட்டுமல்ல, நிலையான படமும் கெட்டிருக்கும். நோயா, பெட்டும் சிடியும் இடம் ஒத்துப்போகாத பொருத்தப் பிழையா?

சிடி மேல் பெட்டை வைத்துப் பாருங்கள். இடது கீழறையின் பக்கச்சுவர் சிடியில் நுரையீரல் இருக்கும் இடத்தில் விழுகிறதா? விழுந்தால், அங்கே காற்று இருக்கிறது என்று நினைத்து, உடம்பு உறிஞ்சிய கதிர்களுக்கான திருத்தத்தை (அட்டென்யுவேஷன் திருத்தம்) மென்பொருள் குறைவாகவே செய்யும், சுவர் மங்கிப்போகும். 2007-ல் ஹூஸ்டனில் லான்ஸ் கௌல்ட் குழு 259 நோயாளிகளிடம் பார்த்தபோது, ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு இந்தப் பொருத்தப் பிழையால் போலிக் குறை வந்திருந்தது. அதன்பிறகு எல்லா நல்ல லேபிலும் இது கட்டாயச் சோதனை ஆகிவிட்டது, ஆனால் ஸ்ட்ரெஸ் பக்கத்தை மட்டும் பார்க்க மறந்துவிடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

மலிவானதிலிருந்து போவோம்.

- ஸ்கேனர் மென்பொருளில் சிடியை நகர்த்தி இதயத்தோடு பொருத்தி, மறுபடி ரீகன்ஸ்ட்ரக்ட் செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடியும்.
- ஓய்வுக்கு எடுத்த சிடி ஸ்ட்ரெஸ்ஸுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறதா, அல்லது நேர்மாறாகவா? மாற்றிப் போட்டுப் பாருங்கள்.
- நோயாளி இன்னும் மேசையில் இருந்தால் குறைந்த டோஸ் சிடி இன்னொன்று. இயல்பாக மூச்சு விடும்போது, அல்லது மூச்சை வெளியே விட்டு முடிக்கும் இடத்தில். ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்த சிடி இதயத்துக்கு ஆகவே ஆகாது. மார்பு சிடி எடுத்துப் பழகிய கைகள் இங்கே அந்தக் கட்டளையைச் சொல்லிவிடும்.
- பேஸ்மேக்கர், டீஃபிப்ரிலேட்டர் கம்பி இருந்தால் அதன் பக்கத்தில் போலிப் பிரகாசம் வரலாம். திருத்தம் செய்யாத மூலப் படத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வரிசையில் ஒரு விஷயம் முக்கியம்: சிடி பொருத்தம் முதலில், ஃப்ரேம் நகர்த்தல் பிறகு. ஃப்ரேமை நகர்த்துவதால் தப்பான அட்டென்யுவேஷன் திருத்தம் சரியாகாது, அந்தத் தப்பும் ஃப்ரேமோடு சேர்ந்து நகரும், அவ்வளவுதான். சிடியைப் பொருத்தாமல் ஒரு மணி நேரம் ஃப்ரேம்களை நகர்த்தி, கடைசியில் சிடியைச் சரிசெய்தால் அத்தனை வேலையும் வீண்.

ரிசர்வையும் கவனியுங்கள். ஓய்விலும் ஸ்ட்ரெஸ்ஸிலும் ஒரே அளவு பொருத்தப் பிழை இருந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்து குறையும், விகிதம் தப்பித்துவிடும். ஸ்ட்ரெஸ்ஸில் மட்டும் இருந்தால் அந்தச் சுவருக்கு நோய் இருப்பதுபோலவே ரிசர்வ் விழும். ஆஞ்சியோவுக்கு அனுப்பும் முடிவு இந்த எண்ணில் தொங்கும் கேஸ்கள் உண்டு.

அம்மோனியா பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பக்கச்சுவர் ஆரோக்கியமானவர்களிடமும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அது டிரேசரின் இயல்பு, சிடியைத் திட்ட வேண்டாம்.

பொருத்தம் சரியாகியும் குறை அப்படியே இருந்தால் அது நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். படிக்கும் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

## அறிகுறி: எல்லாச் சுவரும் சேர்ந்து உயரமாக இருக்கிறது

ஓய்வு 1.8, ஸ்ட்ரெஸ் 4.6, ரிசர்வ் 2.6. ரிசர்வ் நார்மல் என்பதால் இது பலர் கண்ணில் படாமல் போய்விடும். சுவர் எதுவும் தனித்து நிற்கவில்லை என்றால் கோளாறு தசை வளைவில் இல்லை, எல்லாச் சுவருக்கும் பொதுவான ரத்த வளைவில்.

ரத்தம் அளக்கும் வட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது உச்ச ஃப்ரேம்களில் உள்ளறையை விட்டு வெளியே இருந்தால் உச்சம் தட்டையாகும், ரத்த வளைவின் பரப்பு குறையும், எல்லாச் சுவரின் ஓட்டமும் கூடித் தெரியும். வட்டத்தை உள்ளறை நடுவுக்கோ மைட்ரல் வால்வுத் தளத்துக்கோ கொண்டுவந்து, ஆரம்ப ஃப்ரேம்களைத் திருத்தி மறுபடி கணக்கிடுங்கள்.

வட்டம் சரியாகவே இருந்தால் அசைவை மறந்துவிட்டு இவற்றைப் பாருங்கள்: ஸ்கேன் ஊசிக்கு முன்பே தொடங்கியதா, அல்லது முதல் ஃப்ரேமிலேயே ரத்தம் வந்துவிட்டதா? ஊசி போட்ட இடத்தில் டிரேசர் வெளியே கசிந்ததா? உச்சத்தின் தலை வெட்டியதுபோல் தட்டையாக இருக்கிறதா? கடைசியது ஸ்கேனர் திணறியதற்கு அடையாளம். 3டி முறையில் ரூபிடியம் டோஸ் அதிகமாகப் போனால் முதல் சுற்றில் டிடெக்டரால் எண்ணி முடிக்க முடியாது. டோஸைக் குறைப்பது பற்றி பிசிசிஸ்ட்டோடு பேச வேண்டும். நடந்த ஸ்கேனை அதிலிருந்து மீட்க முடியாது.

ஒரு சுலபச் சோதனை: ஓய்வுக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் ஒரே டோஸ் என்றால் இரண்டு ரத்த வளைவுகளின் பரப்பை ஒப்பிடுங்கள். ஸ்ட்ரெஸ்ஸில் இதயம் அதிகம் பம்ப் செய்வதால் பரப்பு கொஞ்சம் குறையும். பாதிக்கும் கீழே போனால் எங்கோ ரத்தம் எண்ணப்படாமல் விட்டுப்போயிருக்கிறது.

## அறிகுறி: திருத்தம் ஓட்டிய பிறகு இன்னும் மோசமாகிவிட்டது

பதற வேண்டாம், மூல ஃப்ரேம்கள் அப்படியே இருக்கும். நகர்வு வரைபடத்தில் ஒரே ஒரு ஃப்ரேம் 2 செ.மீ குதித்து மறுபடி திரும்பியிருக்கிறதா? சினிமாவில் அந்தக் குதிப்பு கண்ணில் படவில்லை என்றால் அது மென்பொருளின் கற்பனை. வலது கீழறையை இடது என்று எடுத்திருக்கும், அல்லது கீழ்ச்சுவருக்கு அடியில் பளிச்சென்று இருக்கும் வயிற்றையோ கல்லீரலையோ பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஃப்ரேமை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ரூபிடியத்தில் கடைசி ஃப்ரேம்களிலும் இது நடக்கும். ஆறு நிமிடத்தில் டோஸில் 4 சதவீதத்துக்கும் குறைவாகவே மிச்சம். படம் புள்ளி புள்ளியாக இருக்கும்போது மென்பொருள் எதையாவது பிடிக்கும்.

அம்மோனியாவில் வேறு மாதிரி. ஸ்கேன் நீளம் அதிகம், நோயாளி பத்தாவது நிமிடத்தில் புரண்டிருப்பார். மாடல் முதல் சில நிமிடங்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் அதனால் எண் கெடாது என்று நினைக்கத் தோன்றும். கெடும். கான்டூர் வரைந்தது அந்தக் கடைசிப் படத்திலிருந்து, ஆகவே ஆரம்ப ஃப்ரேம்கள் அத்தனையும் இடம் மாறியதாகிவிடும். புரள்வதற்கு முந்தைய ஃப்ரேம்களை மட்டும் கூட்டி, அதில் கான்டூரை வரையுங்கள்.

இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி, எண் பெரிதாக வேறுபட்டால் அந்த ஸ்கேனின் எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். "அசைவு காரணமாக ரத்த ஓட்ட அளவீடு ஏற்கத்தக்கதாக இல்லை, படங்கள் மட்டும் படிக்கப்பட்டன" என்று எழுதுவது முழு மரியாதையான அறிக்கைதான்.

## அறிகுறி: படம் சீர், அசைவு இல்லை, ரிசர்வ் மட்டும் எல்லா இடத்திலும் குறைவு

இது அசைவுக் கோளாறு இல்லை. இல்லாத அசைவைத் தேடி ஃப்ரேம்களை நகர்த்த வேண்டாம்.

காஃபீன் கேளுங்கள், அது ஸ்ட்ரெஸ் மருந்தைத் தடுக்கும். "காபி குடிச்சீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார், டீ, கோலா, சாக்லேட், காஃபீன் கலந்த தலைவலி மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தியோஃபிலின் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். அடினோசின் வேலை செய்ததா என்பதற்கு மண்ணீரலைப் பார்க்கலாம்: மருந்து பிடித்திருந்தால் ஸ்ட்ரெஸ் படத்தில் அது ஓய்வைவிட மங்கியிருக்கும். அப்புறம் ஓய்வு எண்ணைப் பாருங்கள். ரத்த அழுத்தமும் துடிப்பும் அதிகமாக இருந்தவருக்கு ஓய்வு ஓட்டம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும், விகிதம் தானாக விழும். ஸ்ட்ரெஸ் எண் 2-க்கு மேல் இருந்து ரிசர்வ் மட்டும் குறைந்தால் முதல் சந்தேகம் அங்கே.

இதெல்லாம் இல்லையென்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று குழாய்களிலும் சமமாக அடைப்பு இருப்பவருக்குப் படம் இப்படித்தான் சீராக இருக்கும், எண் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

## அறிகுறி: எந்த நோயாளி வந்தாலும் ஒரே பக்கம் விலகல்

ஒருவர் நகரலாம். அடுத்தடுத்து வந்த எல்லோரும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருந்தால் நகர்ந்தது நோயாளி அல்ல. மேசை எடையில் சிடி இடத்துக்கும் பெட் இடத்துக்கும் நடுவே தாழ்கிறதா, பெட்–சிடி ஒத்திசைவு அளவுத்திருத்தம் கடைசியாக எப்போது செய்தது, சமீபத்தில் சர்வீஸ் அல்லது மென்பொருள் அப்டேட் ஏதாவது நடந்ததா என்று பாருங்கள். காலை தரச் சோதனைப் பதிவை எடுத்து, விலகல் தொடங்கிய நாளோடு ஒப்பிடுங்கள்.

ஒத்திசைவு ஃபாண்டமை (நோயாளிக்குப் பதில் வைக்கும் சோதனைப் பொருள்) வைத்து எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஃபாண்டம் மூச்சு விடாது. அதிலும் விலகல் வந்தால் சர்வீஸ் எஞ்சினியரைக் கூப்பிட வேண்டியதுதான், மென்பொருளில் நகர்த்தி ஒப்பேற்றக் கூடாது. ஃபாண்டம் சரியாக வந்து, நோயாளிகளிடம் மட்டும் விலகல் இருந்தால் சிடி எடுக்கும்போது கொடுக்கும் மூச்சுக் கட்டளையையும், புதிதாக வந்த யாராவது நெறிமுறையை மாற்றியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

எஞ்சினியர் வரும்போது கையில் இருக்க வேண்டியவை: ஃபாண்டம் படங்கள், விலகல் தெரியும் சில நோயாளிகளின் பெட்–சிடி மேற்பொருத்தப் படங்கள் பெயரும் எண்ணும் நீக்கியபடி, விலகல் எந்த அச்சில் எத்தனை மி.மீ என்ற குறிப்பு, தொடங்கிய தேதி. இவை இல்லாமல் கூப்பிட்டால் அவர் முதல் நாள் முழுக்க இதையே சேகரித்துக்கொண்டிருப்பார். அவர் வந்து சரிசெய்யும்வரை ஓட்ட எண்களை நிறுத்தி வைப்பதா, சிடியைக் கையால் பொருத்தித் தொடர்வதா என்பதை பிசிசிஸ்ட்டும் படிக்கும் டாக்டரும் எழுத்தில் முடிவு செய்து, கன்சோல் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். விலகல் தொடங்கிய தேதிக்குப் பிறகு வெளியே போன அறிக்கைகளின் பட்டியலையும் அன்றே எடுத்து டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.